பாலத்துச் சிக்னலில் தொண்ணூறு நொடி

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள்தான் கீழே விழுவார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. சிட்டு நன்றாகவே ஓட்டுவாள். அவளுக்கு நிற்கத்தான் தெரியாது.

நாற்பத்திரண்டு வயதிலும் அவளை எல்லோரும் சிட்டு என்று கூப்பிடுவதற்கு அவள் உயரம்தான் காரணம். ஐந்தடிக்கு நாலு விரற்கடை குறைவு. அவள் வேலை பார்க்கும் பல்செட் கூடத்தின் சைக்கிளோ, முன்பு அங்கிருந்த ஒரு நெட்டையனுக்காக வாங்கியது. நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள். சீட்டை இறக்க முடிந்த மட்டும் இறக்கியாயிற்று. பெடல் எட்டும், தரை எட்டாது. நிற்க வேண்டுமென்றால் சாலையோரத் திட்டாகப் பார்த்துக் காலை வைப்பாள். திட்டு இல்லாத இடத்தில் சைக்கிளை நன்றாகச் சாய்த்து, கட்டைவிரல் நுனியால் பூமியைத் தேடுவாள்.

அப்படித் தேடியபோதுதான் மூன்று வாரத்துக்கு முன் அது நடந்தது.

பல் டாக்டர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். கூடத்தில் அதை வைத்துப் பல்செட் செய்வார்கள். தயாரானதைப் பெட்டியில் வைத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிட்டுவின் வேலை. பெரும்பாலான கிளினிக்குகள் பக்கத்திலேயே இருந்தன. ஒன்று மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

பாலம் ஏறும் இடத்தில் ஒரு சிக்னல். இடதுபக்கம் திரும்பும் லாரிகளுக்கு அங்கே சிவப்பே கிடையாது, போய்க்கொண்டே இருக்கும். நேராகப் போகிறவர்கள் நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கம் லாரி, வலப்பக்கம் பஸ், காலை வைக்கத் திட்டு இல்லை. அன்றைக்கு சிட்டு இடதுபக்கம் சாய்ந்து கட்டைவிரலை ஊன்றினாள். கீழே மணல். விரல் வழுக்கியது. சைக்கிளோடு சரிந்து விழுந்தவளின் தலைக்கு ஒரு முழம் தள்ளி லாரியின் பின்சக்கரம் போயிற்று. பெட்டி மேல் ஏறிப் போயிற்று.

உள்ளே இருந்த பற்கள் நொறுங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. அதன் பிறகு வீட்டில் யார் எதைக் கடித்துத் தின்றாலும் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

கூடத்தில் அவள் லாரியைப் பற்றி மூச்சு விடவில்லை. கை தவறிக் கீழே போட்டுவிட்டேன், வண்டி ஏறிவிட்டது என்று சொன்னாள். திட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து பாலத்துச் சிக்னலைத் தொடாமல், அடுத்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் கூடுதல். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் அந்த இடத்தில் நடக்கிறவர்களுக்கு வழியே கிடையாது, சுரங்கப்படிக்கட்டுதான், அதில் சைக்கிள் இறங்காது. வேறு சைக்கிள் கேட்கலாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். பயம் என்று சொன்னால் மாவு அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாவு அறை என்பது அச்சுக்குச் சுண்ணமாவு கரைத்து ஊற்றித் தேய்க்கும் அறை. ஒன்பது வருடம் சிட்டு அங்கே இருந்தாள். இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் மாடிப்படி பத்து ஏறுவதற்குள் உட்கார வேண்டியதாயிற்று. இனி அந்தத் தூசிக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் சைக்கிள் வேலை கிடைத்தது. இரண்டு வருடமாக அவள் நன்றாக மூச்சு விடுகிறாள்.

முதலாளியம்மா ஒருநாள் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கத்து டாக்டர் மூணு தடவை போன் பண்ணிட்டார், சிட்டு. பதினோரு மணிக்கு வரவேண்டிய பல்லு பன்னெண்டுக்கு வருதாம். வந்தவங்க வாயத் திறந்துகிட்டே உக்காந்திருக்காங்களாம்."

"வழியில டிராஃபிக்மா."

"சைக்கிளுக்கு என்னம்மா டிராஃபிக்கு? இங்க பாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு முழு செட் போகணும். பதினோரு மணிக்கு டாக்டர் கையில இருக்கணும். இல்லைன்னா அதுக்கு மறுநாளே மோட்டார் சைக்கிள்காரர் ஒருத்தர் வந்துடுவார், பேசிட்டேன். நீ பழையபடி மாவு ரூமுக்குப் போயிடு. வேலையெல்லாம் போகாது, பயப்படாத."

பயப்படாதே என்று அவர் சொன்ன இடத்தில்தான் சிட்டுவுக்குப் பயம் பிடித்தது.

வீட்டில் இதைச் சொல்லும்படி இருந்தது நாத்தனாரிடம் மட்டும்தான். அவள் தபால்காரி. சிவப்பு விளக்கில் காலை ஊன்றாமல் பெடல் மேலேயே நின்றுகொண்டு அடுத்த தெருக் கடிதங்களை அடுக்குகிறவள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தாள். அது அவளுக்குப் பெரிய விஷயம்.

"இன்னும் பத்து நாள் இருக்கு அண்ணி. காலே ஊன்ற வேண்டாம். நிக்கக் கத்துக்கங்க."

குடியிருப்பின் தாழ்வாரம் பள்ளிக்கூடமாயிற்று. இரண்டு பக்கமும் சுவர், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தோள்தான் இடிக்கும். தாழ்வாரத்தின் கோடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் சிட்டுவின் கணவன், சைக்கிள் தன் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டான்.

"பெடல் ரெண்டும் சமமா இருக்கட்டும். எழுந்து நில்லுங்க. ஹேண்டில லேசா ஒரு பக்கம் திருப்புங்க. ஒரு விரலளவு முன்னாடி மிதிங்க, விடுங்க. அப்புறம் ஒரு விரலளவு பின்னாடி வரணும்."

"பின்னாடி வரமாட்டேங்குதேடி."

"உடம்பால இழுங்க. சக்கரத்தப் பாக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது. எதிர்ல பாருங்க."

"எதிர்ல உங்கண்ணன்தான் இருக்காரு."

"அப்போ கண்ண மூடிக்கங்க."

"நான் பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கேன்" என்றது பேப்பர்.

சிட்டு எண்ணினாள். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் சுவர். நான்காம் நாள் ஏழு. வியாழக்கிழமை மாலை, தோளெல்லாம் கன்றிப்போன பிறகு, பதினான்கு. எத்தனை முறை முயன்றும் பதினான்குக்கு மேல் போகவில்லை. முன்னால் போவது எளிதாக இருந்தது. பின்னால் இழுக்கத்தான் அந்தச் சின்ன உடம்பு போதவில்லை.

"பாலத்துச் சிக்னல் எவ்வளவு நேரம் அண்ணி?"

"தொண்ணூறு."

நாத்தனார் சைக்கிளைத் துடைத்து, பிரேக்கை முறுக்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை செட் தயாராகும்போது மணி பத்து இருபத்தைந்து. சுற்றிப் போனால் பதினொன்றரையைத் தாண்டிவிடும். பாலத்து வழி போனால் இருபத்தைந்து நிமிடம். பெட்டியைக் கட்டும்போது முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்து போயிற்று.

கிளம்பினாள். பச்சையில் போய்விட்டால் நிற்கவே வேண்டாம். அந்த ஒரே ஆசையில் வேகமாக மிதித்தாள். பின்னால் பெட்டிக்குள் யாருடையதோ பற்கள் இருந்தன. முன்னால் அவள் பற்கள் ஒன்றோடொன்று தந்தியடித்தன.

சிக்னல் கண்ணில் பட்டபோது பச்சை. நாலு, மூன்று, இரண்டு. அவள் கோட்டை நெருங்கவும் சிவப்பு விழவும் சரியாக இருந்தது. கம்பத்தின் மேல் தொண்ணூறு என்று எரிந்தது.

வலப்பக்கம் பஸ் வந்து நின்றது. இடப்பக்கம் ஒரு லாரி. திரும்ப வேண்டிய லாரிதான். ஆனால் முன்னால் ஒரு கார் மக்கர் செய்ததால் அதுவும் நின்றது. அதன் சக்கரத்து நட்டுகள் அவள் முழங்கைக்கு நேராக இருந்தன. தொட்டால் தொடலாம்.

சிட்டு சீட்டிலிருந்து எழுந்து பெடல் மேல் நின்றாள். ஹேண்டிலைத் திருப்பினாள். எண்ணத் தொடங்கினாள். ஐந்து. ஒன்பது. பன்னிரண்டு. காது அடைத்தது. பதினான்கில் விழப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தபோதே இடது பக்கம், அந்தச் சக்கரத்தின் பக்கம், உடம்பு சரியத் தொடங்கிற்று. பயத்தில் பெடலை அழுத்துவதை விட்டுவிட்டாள்.

சைக்கிள் தானாக ஒரு விரலளவு பின்னால் வந்தது. வந்து, நிமிர்ந்து நின்றது.

அவளுக்குப் புரியவில்லை. ஒரு விரலளவு மிதித்தாள், முன்னால் போயிற்று. விட்டாள். மறுபடி பின்னால் வந்தது. பிறகுதான் உறைத்தது. இது பாலம் ஏறும் மேடு. தாழ்வாரத்துத் தரையில் உடம்பால் இழுத்து இழுத்துத் தோற்றதை இங்கே மேடே இழுத்துக் கொடுக்கிறது.

பதினெட்டு. இருபத்தைந்து. முப்பது. அவள் நின்றுகொண்டிருந்தாள். பயம் குறைந்ததா என்றால் இல்லை. இன்னும் அறுபது இருக்கிறதே என்று கூடத்தான் செய்தது. தொடை உதறியது. உதறல் ஹேண்டிலுக்கு வந்து, மணி தானாகக் கிணுகிணுவென்று ஒலித்தது.

மேலேயிருந்து லாரி டிரைவரின் தலை எட்டிப் பார்த்தது.

"யம்மா, வித்தை காட்ற இடமா இது? காலை ஊனும்மா."

வாயைத் திறந்தால் சமநிலை போய்விடும்.

"உன்னத்தான். காலை ஊனு. விழுந்து வச்சா என் தலையிலதான் விடியும்."

"எட்டாது" என்றாள் சிட்டு, பல்லைக் கடித்தபடி.

டிரைவர் அவள் காலைப் பார்த்தார். பெடலிலிருந்து தரை வரைக்கும் பார்த்தார். முன்னால் நின்ற கார் கிளம்பிவிட்டது. லாரி உறுமியது. பக்கத்துச் சக்கரம் கால் சுற்று சுற்றியது. அந்த அசைவைக் கடைக்கண்ணால் பார்த்தவுடன் நொறுங்கும் சத்தம் சிட்டுவின் மண்டைக்குள் கேட்டது. முழங்கால் பூட்டிக்கொண்டது. சைக்கிள் பின்னால் வந்தது, நிற்காமல் இன்னும் வந்தது. பின்னால் நின்ற காரில் இடித்துவிடும். பிரேக்கைப் பிடித்தாள். இடப்பக்கம் சரிந்தாள்.

லாரி நின்றது.

"நான் எடுக்கல" என்றார் டிரைவர். அவர் குரலும் சரியாக இல்லை. "நீ போற வரைக்கும் எடுக்கமாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. மிதி, மிதிம்மா."

மிதித்தாள். ஒரு விரலளவு. சைக்கிள் நிமிர்ந்தது.

லாரிக்குப் பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்துக் கத்தினார். "அந்தம்மா போகட்டும்யா. பறந்தா போவேன்?" ஹாரன் இன்னும் பலமாயிற்று. ஒவ்வொரு ஹாரனும் அவள் முதுகுத்தண்டில் இறங்கியது. முன்னால், பின்னால். முன்னால், பின்னால். எண்ணிக்கை எங்கோ தவறிவிட்டது. கம்பத்தைப் பார்க்கத் தைரியமில்லை. எதிரே பாலத்தின் உச்சியில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதையே பார்த்தாள்.

பஸ் உறுமிய பிறகுதான் பச்சை என்று தெரிந்தது. மிதித்தாள். கால் மிதித்ததா, பயம் மிதித்ததா, பாலத்தின் மேட்டை எப்படி ஏறினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

கிளினிக் வாசலில் திட்டு இருந்தது. காலை வைத்து இறங்கினாள். இறங்கியதும் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து உள்ளே நடக்கச் சில நிமிடம் ஆயிற்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், தலையசைத்தார். பத்து ஐம்பத்தாறு.

வரவேற்பு மேசையிலிருந்து கூடத்துக்குப் போன் செய்தாள்.

"கொடுத்துட்டேன்மா."

"டாக்டர் இப்பதான் சொன்னார். பாத்தியா, முடியும்ல? சரி, சீக்கிரம் வா. இங்க ரெண்டு பெட்டி கிடக்கு."

சிட்டு போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அதே சிக்னல். ஆனால் இந்தப் பக்கமிருந்து போனால் இறக்கம். இறக்கத்தில் சைக்கிள் பின்னால் வராது. முன்னால்தான் ஓடும், குறுக்கே போகிற லாரிகளுக்குள்.

"வரும்போது பாலத்து வழியா வரமாட்டேன்மா. சுத்தித்தான் வருவேன்."

"ஏன்?"

சொன்னாள். லாரி, மணல், தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போன சக்கரம், எல்லாம் சொன்னாள். இன்றைக்கு நின்றதையும் சொன்னாள்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா மாவு ரூமுக்கு அனுப்பிடுவீங்க."

முதலாளியம்மா மறுக்கவில்லை. "அனுப்பியிருப்பேன்தான்" என்றார். "இப்ப என்ன செய்யணுங்கற?"

"பல்லு கொண்டு போறப்ப பாலத்து வழியா போறேன். நேரத்துக்குக் கொடுக்கறேன். வர்றப்ப பெட்டி காலிதானே, சுத்தி வரேன். முக்கால் மணி நேரம் கூட ஆகும். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

இவ்வளவு நீளமாக அவள் முதலாளியம்மாவிடம் பேசியதே இல்லை.

"ரெண்டு பெட்டியையும் சாயங்காலம் கொடுத்துக்கலாம்" என்றார் அவர். "உன் உயரத்துக்கு ஒரு சைக்கிளும் பாக்கச் சொல்றேன். கிடைக்கிற வரைக்கும் இதுதான். நாளைக்குப் பத்து மணிக்கு அந்தப் பக்கம் ஒரு செட் இருக்கு. போவியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. மோட்டார் சைக்கிள்காரர வரச் சொல்றேன்."

நாளைக்கு. மறுபடி அந்தத் தொண்ணூறு. வேறொரு லாரி, வேறொரு டிரைவர். சிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டாள்.

சிட்டு ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தாள். இருமல் வரவில்லை.

"போறேன்மா" என்றாள்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே சுற்றுப்பாதைக்குத் திரும்பினாள். தெரு முனையில் ஒரு லாரி வந்தது. சாலையோரத்துச் சுவரில் முதுகு பதிய நின்றுகொண்டு, அது கடைசிச் சக்கரம் வரைக்கும் போய் முடியட்டும் என்று காத்திருந்தாள்.