ஷூ சைஸ் கேட்டவர்கள்

லாவண்யாவிடம் ஷூ சைஸ் கேட்டுவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நேர்காணல் முடிந்து எழும்போது பாதுகாப்பு ஷூவின் அளவைக் கேட்டால் வேலை உறுதி என்பது பாரிவாக்கத்தில் அவள் தெருவுக்கே தெரியும். அம்மா விஜி அன்று மாலையே கேசரி கிண்டி அக்கம்பக்கம் கொடுத்துவிட்டாள். "பொண்ணு கம்பெனிக்குப் போவுது. பி.எஃப்., வேன் அல்லாம் கீது."

போன் பண்றோம் என்ற எச்.ஆர். அதிகாரி அப்புறம் பண்ணவேயில்லை. இவள் பண்ணினால் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. குளிக்கும்போதும் கைபேசியை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்டவளிடம்கூட மூச்சிரைக்க "சொல்லுங்க மேடம்" என்றாள்.

குமணன்சாவடியில் அவள் வேலை பார்த்துவந்த மருந்துக் கடையின் முதலாளி வீரராகவன் கடைசியில் கேட்டேவிட்டார். "போறதா இருந்தா போம்மா, நல்லதுதான். வேற ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கா. இன்னைக்குள்ள எனக்குச் சொல்லிடு." கறாரான மனிதர். கடையை விட்டால் இரண்டு வேலையுமே இல்லாமல் போகலாம்; விடாவிட்டால் கம்பெனி நாளைக்கே கூப்பிடலாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்பத்தூருக்கு பஸ் ஏறினாள்.

கம்பெனி வாசலில், துலுக்கானம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த காவலாளி மறித்தார்.

"இன்னாம்மா, எச்.ஆரா? மீட்டிங்ல கீறாரு. அவுரு எப்பவும் மீட்டிங்லதான் கீறாரு."

"ஷூ சைஸ்லாம் கேட்டாங்கண்ணே."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அத்த அல்லார் கைலயும் கேப்பாங்கோம்மா. அந்த வேலைக்குப் போன வாரமே ஆள் சேந்துட்ச்சி. உனக்கு சொல்லலியா?"

"யாரும் சொல்லலண்ணே."

"அப்ப நான் சொல்ட்டேன்னு வச்சிக்கோ. வெயில்ல நிக்காத."

அழுகை வரும் என்று எதிர்பார்த்து எதிர்ச்சாரிக்கு நடந்தாள். வந்தது பசி. வேனை நினைத்தபோது கொஞ்சம் வலித்தது. அம்மாவின் கேசரியை நினைத்தபோது அதைவிட. ஆனாலும் ஒருவர் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லிவிட்டார். தள்ளுவண்டியில் எலுமிச்சைச் சோறு வாங்கித் தின்றுவிட்டு வீரராகவனைக் கூப்பிட்டாள்.

"சார், நான் போகல. இருக்கேன்."

"சரி. சீக்கிரம் வா, சரக்கு இறங்குது." அவ்வளவுதான். அந்தச் சுருக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு மருந்துச் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோவதும் விலக்குவதுமாக இருந்தாள். லாவண்யாவின் பார்வை தானாக அந்தக் கிறுக்கலில் ஓடியது.

"அக்கா, முதல்ல இருக்கறது சாப்பாட்டுக்கு முன்னாடி. கீழ இருக்கறது ராத்திரிக்கு மட்டும்."

அந்தப் பெண் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, இருந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் அள்ளி அவள் மடியில் கொட்டினாள். பஸ் திரும்பியது, ஜன்னல் வெயில் அந்த வெள்ளித் தாள்களின் மேல் விழுந்தது.