காரைக்கால் விமானம் ரத்தானதற்கான காரணங்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காரைக்காலில் விமான நிலையம் இல்லை. இந்தக் கதைக்காக நானே ஒன்றைக் கட்டியிருக்கிறேன். கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, திருவேட்டக்குடிக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. ஒரே ஓடுபாதை, ஒரே கட்டடம், நாளைக்கு ஒரே விமானம். மூன்று மணிக்குப் பெங்களூரிலிருந்து வந்து, மூன்று நாற்பதுக்குப் பெங்களூருக்கே திரும்பிப் போகும். அரசாங்கத்துக்கு இருபது வருடம் பிடிக்கும் வேலை எனக்கு ஒரு பத்தியில் முடிந்துவிட்டது.

கதை பிறந்த இடம் வேறு. போன வருடம் இன்னோர் ஊர் விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் மாட்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள். அரை மணிக்கு ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி சொல்றாங்க?" என்று கேட்பார். நானும், "லேட்டாகும்னு சொல்றாங்கம்மா" என்பேன். அவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. என் விமானத்தை முதலில் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் பெயர் தெரியாததால் வடிவாம்பாள் என்று வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "கடற்காற்று வீசும் அந்தி வேளையில், வானத்தையே வெறித்துக்கொண்டிருந்த வடிவாம்பாளின் விழிகளில்" — வேண்டாம். விமானக் கதை என்றால் உடனே ஆளை வானத்தைப் பார்க்க வைத்துவிடுகிறோம்.

இரண்டாவது தொடக்கம்: "சிறு நகரங்களுக்கான விமானச் சேவை எதிர்கொள்ளும் சவால்களில் முதன்மையானது" — இதைப் படிப்பதற்கு அடுத்த விமானத்துக்கே காத்திருக்கலாம்.

மூன்றாவதுதான் நிற்கிறது.

சனிக்கிழமை காலை, ஐம்பத்தாறு வயது வடிவாம்பாள் திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். பழைய புடவையை அங்கேயே விட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டாள். எள் விளக்கு ஏற்றிக் கும்பிட்டாள். மயிலாடுதுறைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிப் பெங்களூர் போய் முப்பத்து நாலு வருடமானவள். பேச்சு மட்டும் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. கோயிலிலிருந்து வெளியே வரும்போது எண்ணெய்ப் பொட்டலம் விற்கும் பெண்மணி ஒரு விதியைச் சொன்னாள்.*

"நேரா ஒங்க வீட்டுக்குத்தான் போவணும்மா. நடுவுல எந்த வீட்டுப் படியும் ஏறிடாதீங்க. லாட்ஜும் வீடுதான். ஏறிட்டீங்கன்னா குளிச்சதெல்லாம் வீணு."

பத்தே நிமிஷத்தில் தொலைபேசி அடித்தது. மகன் செந்தில்குமார். ஏழு வருடமாகத் தாயோடு பேசாதவன்.

"அம்மா. நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னான். வடிவாம்பாளுக்கு அங்கேயே ஒரு திருநாள். குளித்தது பலித்துவிட்டது. இனி விதியை மீறாமல் வீடு போய்ச் சேரவேண்டும். நடுவில் ஒரு படி ஏறினாலும் பிள்ளை வரமாட்டான். இதுதான் அவள் நம்பிக்கை. (சிரிக்க நினைக்கும் வாசகர் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு வருடம் யாருக்காகவும் காத்திராதவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும்.)

* இந்த விதியை எந்தக் குருக்களும் சொன்னதில்லை, எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எண்ணெய் விற்கிறவள் எப்படியும் வருகிறவர்களுக்கு எதையாவது சொல்லவேண்டும். கதைக்கும் எனக்கும் அது வசதியாக இருக்கிறது.

3

விமான நிலையத்தில் நாற்பத்திரண்டு பயணிகள். எல்லார் தலையிலும் ஈரம். எல்லாரும் அதே பெண்மணியிடம் எண்ணெய் வாங்கியவர்கள்.

நிலைய மேலாளர் ஆர்மான். காரைக்காலின் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பிரான்சில் முப்பது வருடம் தபால் துறையில் இருந்துவிட்டு ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். விமானம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதால் அவரையே போட்டேன். மூன்று மணிக்கு அவர் ஒலிபெருக்கியை எடுத்து, "செயல்பாட்டுக் காரணங்களால்" இன்றைய விமானம் ரத்து என்று அறிவித்தார்.

செயல்பாட்டுக் காரணங்கள் என்றால் என்ன என்று கேட்காதீர்கள். எனக்குக் காரணம் தோன்றவில்லை, அந்தச் சொல்லைப் போட்டேன். நிஜ நிலையங்களிலும் இப்படித்தான் நடக்கிறதோ என்று சில நாளாகச் சந்தேகம்.

"திருநள்ளாத்துல ரூம் போட்டிருக்கோம். வண்டி நிக்குது, வாங்க" என்றார் ஆர்மான்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"லாட்ஜு வீடுங்க. ஏறக் கூடாது" என்றாள் வடிவாம்பாள்.

"அப்ப இது என்னம்மா?"

"இது ஏர்போர்ட்டு. இது எப்படிங்க வீடாகும்?"

ஆர்மான், "அலோர்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் பிரெஞ்சில் ஆரம்பித்தால் பதில் இல்லை என்று பொருள். அன்று நாற்பத்திரண்டு பேரும் நாற்காலியிலேயே தூங்கினார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை விமானம் வந்தது. வந்து, ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெங்களூருக்கே திரும்பிப் போனது. ஓடுபாதையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

இதற்கு நான் பொறுப்பில்லை. நான் எழுதியது "ஓடுபாதை" என்ற ஒரு சொல் மட்டும். இந்தப் பக்கத்தில் அறுவடை நேரத்தில், வெயிலில், கார் போகாத ஒரு நீளத் தார்ப்பரப்பை எழுதிவைத்தால் அதன்மேல் நெல் தானாக வந்துவிடும். கூடவே நெல்லுக்குச் சொந்தக்காரர் நீலகண்டனும் வந்துவிட்டார். ஆர்மான் வெயிலில் ஓடிப்போய்க் கேட்டார்.

"என்னங்க இது, பிளைட்டு எறங்க வேணாமா?"

"பாதிய விட்டுத்தான் சார் காயப்போட்டிருக்கேன்" என்றார் நீலகண்டன், காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே. "ரோட்டுல பஸ்ஸெல்லாம் அப்படித்தான் போவுது."

"இது பஸ்ஸு இல்லீங்க."

"தெரியும் சார். பஸ்ஸுக்குக் கால்வாசிதான் விடுவோம். இதுக்குன்னுதான் பாதி விட்டேன். நெல்லுல ஈரம் பத்தொம்போது பர்சென்ட் இருக்கு, பதினேழுக்கு வந்தாத்தான் கவர்மெண்டு கொள்முதல்ல எடுப்பாங்க. இன்னும் ஒரு வெயிலு போதும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆர்மானே குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

அதே நேரம் பெங்களூரில், பூட்டிய வீட்டின் வாசலில் செந்தில்குமார் நின்றுகொண்டிருந்தான். சொன்னபடி வந்துவிட்டான்.

"எங்கம்மா இருக்க?"

"ஏர்போர்ட்லடா. பிளைட்டு லேட்டு."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

[இங்கே ஏழு வருடத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.]

வடிவாம்பாளின் கணவர் திடீரென்று இறந்துபோனார். புனேயில் வேலையிலிருந்த மகனுக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. அவன் ஏறவேண்டிய விமானம் எட்டு மணி நேரம் தாமதம். சொந்தக்காரர்கள் இதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு செந்தில்குமார் ஆட்டோவில் வந்து இறங்கினான். "பிளைட்டு லேட்டும்மா" என்றான். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் வடிவாம்பாள், "பிளைட்டு லேட்டாம். நீ வராமயே இருந்திருக்கலாம்" என்றாள். அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதே ஆட்டோவில் திரும்பிவிட்டான்.

விமானம் தாமதமாகும் என்று அவள் அன்றைக்கு நம்பவில்லை. பஸ்தான் தாமதமாகும், ரயில்தான் தாமதமாகும். அவ்வளவு காசு வாங்குகிறவன் எப்படித் தாமதமாக்குவான். வேலையை விட்டுவிட்டு வர மனமில்லாத பிள்ளை சொல்லும் சாக்கு என்றே ஏழு வருடமும் நினைத்திருந்தாள். இப்போது இரண்டு நாளாக அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் அன்றைக்கு இப்படித்தான் எட்டு மணி நேரம், அப்பா செத்த செய்தியோடு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறான். தப்பு தன்மேல்தான் என்று அவனிடம் சொல்லவேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

5

யோசனை சொன்னது ஜன்னத். நிலையத்துக்குள் டீக்கடை வைத்திருப்பவள். இரண்டு நாளாக நாற்பத்திரண்டு பேருக்கும் டீயும் பன்னும் கொடுத்துக் கை ஓய்ந்துபோயிருந்தாள்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்தாத்தானே அக்கா ஒங்க நேர்த்தி முடியும்? இதையே வீடாக்கிட்டா?"

"எப்படிம்மா ஆக்கறது?"

"புது வீட்டுக்கு என்ன செய்வீங்க. பால் காய்ச்சுங்க."

நாற்பத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஓட்டை எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. (நானும் தேடிப் பார்த்தேன்.)

உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது. மின்சாரக் கெட்டிலில் ஊற்றினார்கள். ஆனால் பால் பொங்கி வழியவேண்டும், கெட்டிலோ கொதித்தவுடன் தானே அணைந்துவிடும். இரண்டு தடவை அணைந்தது. "மூடியத் தொறந்து வையிங்க அக்கா, அப்பத்தான் நிக்காது. அல்லாஹ் லேசாக்குவான்" என்றாள் ஜன்னத். ஆர்மான் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை பால் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. நாற்பத்திரண்டு பேரும் கும்பிட்டார்கள்.

ஆர்மானுக்கு எதையும் தாளில் எழுதி முத்திரை குத்தினால்தான் திருப்தி. அவர் குடும்பத்தில் பிறந்தநாள் முதல் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. இந்தக் கூடம் இன்றுமுதல் இந்த நாற்பத்திரண்டு பேரின் தொமிசில், அதாவது குடியிருப்பு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு வந்து சேர்ந்துவிட்டதால் நாற்பத்தொரு பேர் நிம்மதியாக வண்டியேறி லாட்ஜுக்குக் குளிக்கப் போனார்கள். வடிவாம்பாள் மட்டும் போகவில்லை.

"டேய், வீடு மாறியாச்சுடா" என்றாள் போனில். "இங்க வா."

"எப்படிம்மா வர்றது?"

"எப்படி வேணா வா."

"பிளைட்லயே வர்றேன்" என்றான். "அன்னிக்கும் அதுலதான் வந்தேன்."*

* பெங்களூரிலிருந்து காரைக்காலுக்கு ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஏழு வருடமாகச் சாக்கு என்று கருதப்பட்ட ஒன்றிலேயே வந்து இறங்கவேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். தாயைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

6

திங்கட்கிழமை மூன்று மணி. நீலகண்டன் நெல்லை மூட்டை பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஓடுபாதை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வானத்தில் மேகமில்லை. விமானம் வந்துவிட்டது, மகன் உள்ளே இருக்கிறான். ஆனால் இறங்கவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பலகையில் மறுபடியும் "செயல்பாட்டுக் காரணங்கள்".

"என்னங்க சார் காரணம்?" என்றாள் வடிவாம்பாள்.

"மேலேருந்து உத்தரவு வரலம்மா."

"மேலன்னா யாரு?"

ஆர்மான் கையைத் தூக்கிக் காட்டினார். அவர் காட்டியது வானத்தை அல்ல, இந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தை.

ஆமாம், நான்தான். சனிக்கிழமையும் நான்தான். இறங்கினால் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள், யாராவது ஒருவர் வாயைத் திறக்கவேண்டும். அந்த முதல் வாக்கியம் எனக்கு வரவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

முடிவு அ. செந்தில்குமார் ஓடிவந்து தாயின் காலில் விழுந்து — வேண்டாம். அவன் ஏன் விழவேண்டும், தப்பு அவனுடையது இல்லையே.

முடிவு ஆ. அவள் அவனையே பார்க்கிறாள். "சாப்புட்டியா?" என்கிறாள். கண் — வேண்டாம். தமிழ்க் கதைகளில் அம்மாக்கள் இதைக் கேட்டுக் கேட்டே சொல்லவேண்டியதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறார்கள்.

முடிவு இ. விமானம் திரும்பிப் போய்விடுகிறது. காத்திருப்பதுதான் வாழ்க்கை என்று — சீ.

இப்படிப் பதினோரு முடிவு. விமானத்தில் எரிபொருள் எவ்வளவு இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

"தம்பி" என்றாள் வடிவாம்பாள். என்னைத்தான்.

"சொல்லுங்கம்மா."

"நீங்கதான் இறக்காம வச்சிருக்கீங்களா?"

"என்ன பேசுவீங்கன்னு தெரியலம்மா. நல்லா எழுதணும்னு பாக்கறேன்."

"அத நீங்க ஏன் எழுதணும்? வண்டிய மட்டும் எறக்கி விடுங்க. பேசறத நாங்க பாத்துக்கறோம்."

"படிக்கிறவங்க கேப்பாங்கம்மா."

அவள் என் தோளுக்குப் பின்னால் உங்களை எட்டிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"அவங்க வீட்டுலயும் யாராவது பேசாம இருப்பாங்க. அங்க போய்க் கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

7

விமானம் மூன்று இருபத்தாறுக்கு இறங்கியது.

ஒன்பதாவது ஆளாகச் செந்தில்குமார் படியில் இறங்கினான். தொப்பை போட்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அந்த நரை எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜன்னத் கடையைப் பாதி மூடிவிட்டு நகர்ந்துகொண்டாள். ஆர்மானும் அறைக்குள் போய்விட்டார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். இந்தத் தடவை பையைக் கீழே வைத்தான். வடிவாம்பாள் வாயைத் திறந்தாள்.

இது இப்போது அவர்களுடைய வீடு. நாம் இரண்டு பேரும் கூப்பிடாமல் வந்து கூடத்தில் நிற்கிறோம். நான் வெளியே வந்துவிட்டேன். நீங்களும் எழுந்து வாருங்கள், கதவைச் சாத்தவேண்டும்.