புதுக் கட்டிலுக்கு ஒரு குழந்தை

அந்த வருஷம் பட்டணத்தில் அனாதைக் குழந்தைகளுக்கென்று புது விடுதி ஒன்று கட்டினார்கள். சுண்ணாம்பு காய்வதற்குள் திறப்பு விழா, மாலை, சொற்பொழிவு எல்லாம் அமர்க்களமாக முடிந்தன. வரிசையாகக் கட்டில் போட்ட பிறகுதான், படுக்கக் குழந்தை இல்லை என்பது யாருக்கோ உறைத்தது. உடனே எங்கள் ஜில்லாவுக்கு உத்தரவு பறந்து வந்தது: தாய் தகப்பன் இல்லாத குழந்தை எங்கே இருந்தாலும் அனுப்பு. இலையைப் போட்டுவிட்டு விருந்தாளியைத் தேடுகிற கூத்தை அன்றுதான் பார்த்தேன்.

நான் சம்பூர்ணம். செங்கல்பட்டில் குழந்தைகள் நல இலாகாவில் வேலை. முன்பெல்லாம் நான் கடலோரக் கோவளத்துக்குப் போனால் பெண்கள் 'டீச்சரம்மா' என்று பால் பவுடருக்கு ஓடி வருவார்கள். பிள்ளைக்கு மாந்தம் என்பார்கள். புருஷனைப் பற்றிக் கோள் சொல்வார்கள். உத்தரவு வந்ததிலிருந்து என் குடை தெரிந்தாலே தெரு காலி. வருஷக்கணக்காகப் பழகின என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

தேடியதில் சிக்கினாள் ஜைத்தூன். நாலு வயசு. தகப்பன் தோணியோடு கடலில் போனான். தாய் பிரசவத்தில் போனாள். யார் வீட்டில் மீன் பொரிகிறதோ அங்கே அவளுக்குச் சாப்பாடு. எந்த வீட்டில் கண் சொக்குகிறதோ அங்கே பாய். என் மேலதிகாரி ஞானதாஸ் கெட்டவர் இல்லை, விதிப் புத்தகம்தான் அவருக்கு வேதம். "நிலையான வீடு இல்லை, தாய் இல்லை, விடுதிக்கு இதைவிடப் பொருத்தமான குழந்தை ஏது?" என்று செங்கல்பட்டு கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்.

மனசு கேட்காமல் கோவளத்துக்கு ஓடினேன்.

"இன்னா டீச்சரம்மா, கொயந்தய தூக்கினு போவப் போறியாமே?" என்று வழியை மறித்தாள் நாஸ்தாக் கடை ராபியா.

"போகாமலிருக்க வழி சொல்ல வந்திருக்கிறேன். கோர்ட்டுக்கு வேண்டியது ஒரே அம்மா, ஒரே வீடு. 'நான்தான் பால் கொடுத்தேன், என் வீட்டில்தான் வளர்கிறாள்' என்று நீ சொல். மற்றவர்கள் மூச்சு விடக்கூடாது."

"மூச்சு வுடுவோம். பேச மாட்டோம்" என்றாள் வேண்டா. நெற்றி நிறையக் குங்குமத்தோடு தெருக்கோடியில் மோர் விற்கிறவள் அவள்.

கோர்ட் நாளன்று பஸ்ஸில் வேறு யாருக்கும் இடமில்லை. தெருவே ஏறியிருந்தது. ஜைத்தூன் மடி மாறி மாறி உட்கார்ந்து, கேளம்பாக்கம் வருவதற்குள் எல்லார் பொட்டலத்தையும் காலி செய்திருந்தாள்.

மாஜிஸ்திரேட் திருவேங்கடம் ராபியாவைக் கேட்டார். "பால் கொடுத்தது நீதானா?"

"ஆமாங்க."

"நீ ஒருத்திதானா?"

ராபியா என்னைப் பார்த்தாள். "சத்தியம் பண்ணிட்டேனே டீச்சரம்மா, இன்னா பண்றது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "மொதப் பாலு உம்மு சல்மாதுங்க. எனக்கு அப்போ ஜொரம்."

போச்சு, மடை திறந்துவிட்டது. உம்மு சல்மா எழுந்தாள். ராத்திரியெல்லாம் நான்தான் கொடுத்தேன் என்று ஷரீபுன்னிசா எழுந்தாள். "அல்லாரும் குடுத்தாங்கதான், எம்பால்லதான் ஒடம்பு தேறிச்சு" என்று வேண்டா நெட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். யார் பாலில் குழந்தை தேறியது என்று கோர்ட்டிலேயே சண்டை. ஒவ்வொரு தாயாக எழுந்திருக்க எழுந்திருக்க, உட்கார் என்று நான் காட்டிய சைகை ஒருத்தி கண்ணிலும் படவில்லை.

ஞானதாஸ் நிதானமாகச் சொன்னார். "இத்தனை தாய் என்றால் ஒரு தாயும் இல்லை என்றுதான் அர்த்தம். இன்றைக்குச் சோறு போடுவார்கள். நாளைக்குப் பெண் வயசுக்கு வந்ததும், கேட்க நாதியில்லை என்று இவர்களில் ஒருத்தி சீர் செனத்தி இல்லாமல் தன் பிள்ளைக்கே கட்டி வைத்துக்கொள்வாள். அதற்குத்தான் இந்தப் பாசமெல்லாம்."

தெரு மொத்தமும் சிரித்தது. உம்மு சல்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாக் கேட்டாரு நாயத்த. எம்பாலக் குடிச்ச பொண்ணு எம்புள்ளைக்குத் தங்கச்சியாச்சே, பொஞ்சாதியா எப்டி ஆவும்?" உம்மு சல்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம்புள்ள அமீருக்கு இவளாட்டம் ஒருத்தி வருவாளான்னு ஏங்கிகினுதான் கீறேன். அன்னிக்குப் பசியில கத்திச்சு. பாத்துகினு இருக்க முடில, குடுத்துட்டேன்."

வேறு கேஸுக்காக உட்கார்ந்திருந்த வக்கீல் அமானுல்லா எழுந்தார். "அந்தம்மா சொல்வது சரிதான். எங்கள் மார்க்கத்தில் பால் உறவு ரத்த உறவு மாதிரி. பால் கொடுத்தவளின் பிள்ளை எவனும் இந்தப் பெண்ணைக் கட்ட முடியாது."

மாஜிஸ்திரேட் வேண்டாவைப் பார்த்தார். "உனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே, அம்மா."

"பாலு பால்தானே, சாமி. எம்மவனுக்கும் அவ தங்கச்சிதான். தெனம் மண்டைய ஒடச்சிக்குதுங்களே, தெரில?"

திருவேங்கடம் மனுவை மூடி வைத்தார். "உறவு என்று சொல்லிக்கொண்டு இந்த கோர்ட்டுக்கு வருகிறவர்கள் எதையாவது வாங்கிப் போகத்தான் வருவார்கள்" என்றார். "மருமகளாக்கிக்கொள்ளும் உரிமையையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன். இந்தக் குழந்தை அனாதை இல்லை. மனு தள்ளுபடி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஞானதாஸ்கூட மூக்கைச் சிந்தினார். ஆனால் கோவளத்துப் பெண்கள் ஒருத்தி காதிலும் தீர்ப்பு விழவில்லை. கல்யாணப் பேச்சு வந்ததோ இல்லையோ, தெருவில் மாப்பிள்ளை கிடையாது என்றால் எந்த ஊரில் தேடுவது என்று தொடங்கிவிட்டார்கள். பழவேற்காட்டில் நல்ல குடும்பங்கள் உண்டு என்றாள் ஷரீபுன்னிசா. கேளம்பாக்கம் தாண்டிப் பெண் கொடுக்க மாட்டேன் என்றாள் ராபியா.

"ஜெயித்துவிட்டோம், குழந்தை உங்களுடையதுதான்" என்று அவர்கள் நடுவில் போய்க் கத்தினேன்.

"அத்த நீ வேற சொல்லணுமா, டீச்சரம்மா?" என்றாள் வேண்டா. "மாப்ள எந்த ஊரு, அத்தச் சொல்லு."

நாலு வயசு மணப்பெண் என் இடுப்பில் ஏறி என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. "செங்கல்பட்டிலேயே பார்க்கலாமே. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன்" என்றேன்.

ராபியா குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அம்மாந்தொலவுல குடுத்துட்டு நாங்க எப்டிம்மா தூங்கறது?"