பூரிக்கட்டை இல்லாத வீடு

எங்கள் தெருவில் ஒன்றை உள்ளபடி வரைந்துவிட்டால் அது வீட்டை விட்டுப் படத்துக்குள் போய்விடும். எதிர்வீட்டு ஓவியர் ஞானப்பிரகாசம் தன் மனைவி பெலிசிட்டாவை வரைந்தார். மதியத்துக்குள் அந்த அம்மா போய்விட்டார். இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். தங்கைகள் வந்து, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று படத்திடம் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

நான் ஒரு வார இதழில் சிரிப்புப் படம் போடுகிறவன். மாமியார், மானேஜர், போலி டாக்டர் என்று போட்டே காலம் ஓடிவிட்டது. இவர்களில் ஒருவரும் எனக்குக் கிடையாது. அதனால் வீட்டில் எதுவும் குறையவில்லை.

ஆசிரியர் நல்லசிவம் போன் செய்தார். "மாமியார் ஜோக் போதும் சார். இந்த வாரம் உங்க வீட்டைப் போடுங்க. வீட்டுலேர்ந்து ஏதாவது போகணும். போகலைன்னா அந்தப் பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துர்றேன்."

முதலில் மிக்சியை வரைந்தேன். மூடி மட்டும் போனது. என் திறமை மொத்தமும் ஒரு மிக்சி மூடிதானா என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி செண்பகா ஒரு தட்டை வைத்து மூடிக்கொண்டு சட்னி அரைத்தாள்.

"என்னைப் போடுங்க," என்றாள். "பெலிசிட்டா அக்கா எவ்வளவு நிம்மதியா இருக்காங்க."

பட்டுப்புடவை கட்டி, கேஸை அணைத்து, பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வரைந்து முடித்தேன். போய்விடுவாளே என்று துக்கமாக இருந்தது. போகாவிட்டால் என்ன ஆவது என்று அதைவிடத் துக்கமாக இருந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் டம்ளர் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செண்பகா இருந்தாள். முழுதாக இருந்தாள்.

"சுண்டுவிரல்கூடப் போகலை," என்று கையை நீட்டிக் காட்டினாள். பிறகு படத்தை எடுத்துப் பார்த்தாள். "இது யாருங்க? உங்க ஜோக்குல புருஷனை அடிக்கிற பொம்பளைக்கு என் மூக்குத்தியை மாட்டி விட்டிருக்கீங்க. கையில பூரிக்கட்டை வேற."

"சிரிப்பு வரணுமில்ல," என்றேன்.

"நம்ம வீட்டுல பூரிக்கட்டையே இல்லை. சப்பாத்தி கடையிலதானே வாங்குறோம்."

உண்மைதான். இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திவிட்டு, இல்லாத கட்டையைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

செண்பகா படத்தைத் திருப்பிப் போட்டு, புருவப் பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். வரைந்து பழக்கமில்லாத கை. ஒரு வட்டம், அதில் நாலு முடி. டீக்கடையில் ஒருவன் இதழ் படிக்கிறான். பின்னால் ஓர் ஆள், டீயைக் குடிக்காமல், அவன் சிரிக்கிறானா என்று எட்டிப் பார்க்கிறான். அது நான். வாரா வாரம் இதைத்தான் செய்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். வாய் அதற்குள் படத்தில் இருந்தது.

இப்போது இருபத்தேழாம் பக்கத்தில் இருக்கிறேன். படம்: செண்பகா என்று போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. படிக்கிறவர்களின் முகம் நேராகவே தெரிகிறது. நேற்று பஸ்ஸில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதிர்ந்துபோனேன். என் பக்கத்தைப் பார்த்து ஒருவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த இதழில், தினமும் காலையில் செண்பகா என் கையில் ஒரு டம்ளர் காபி வரைந்து வைக்கிறாள். சர்க்கரை சரியாக இருக்கிறது. டம்ளர் எல்லாம் தீர்ந்துவிட்டதாம், நாளைக்குத் தன்னையே வரைந்துகொண்டு வந்துவிடுவதாகச் சொல்லிப் பாலை நிறுத்திவிட்டாள். எதிர்ப்பக்கத்தில் நல்லசிவம் எங்கள் மூடியைப் போட்டிருக்கிறார். வரும்போது மிக்சியையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.