பேரு மறைக்குது

மேடையில் நான்காவது ஆளுக்குப் பொன்னாடை போர்த்தியபோது எழுந்து போய்விடலாமா என்று செண்பகம் வாசலைப் பார்த்தாள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோகிராபர் முன்னால் ஓடிப்போய் மண்டியிட்டு ஒரு படம் எடுத்தார். போர்த்துகிறவரும் போர்த்திக்கொள்கிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கேமராவையே பார்த்துச் சிரித்தார்கள். பிறகு போர்த்திக்கொண்டவர் போர்த்தியவருக்கு ஒன்று போர்த்தினார். அதற்கும் ஒரு படம். இப்படி எல்லாரையும் படம் பிடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் தன்னிடம்தானே வந்து நிற்பார்கள் என்று நினைத்து அவள் நாற்காலியில் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஓட்டல் மாடியில் இருக்கிற சின்ன மண்டபம் அது. முல்லைக்கரம் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டம் அங்கேதான் நடக்கும். வருகிறவர்கள் ஜவுளிக்கடை, உரக்கடை, நகைக்கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் பேசுகிற நேரத்தில் பாதியை மிச்சம் பிடித்திருந்தால் இன்னும் நாலு பேருக்கு ஏதாவது செய்திருக்கலாம், அவ்வளவுதான். பொன்னாடைகள் முடிந்த பிறகுதான் தலைவர் சீனுவாசன் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்கினார். வாழ்த்துப் பாடல் முடிந்ததும், அந்த மாதம் பிறந்தநாள் கண்ட உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். பிறகு கல்யாண நாள் கண்டவர்கள். பிறகு விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மாவட்டத் தலைவரைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் ஒன்றையேதான் பேசினார்கள்.

மேடைக்கு ஓரமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு சக்கர நாற்காலி நின்றது. செண்பகம் அதைப் பார்ப்பதும் தலையைக் குனிந்துகொள்வதுமாக இருந்தாள்.

அவள் புருஷன் வீரமுத்து, கரும்பு ஏற்றிய டிராக்டரின் மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. பெருமுக்கல் பக்கத்தில் சொந்த நிலம், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் கரும்பும் போட்டுக் கௌரவமாகப் பிழைத்த குடும்பம். கட்டிலிலிருந்து பின்பக்கத்துக் குளியலறைக்கு அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போவாள். போன மாதம் அந்த நாற்காலியின் கால் முறிந்து இரண்டு பேரும் பின்வாசல் மண்ணில் விழுந்தார்கள். அவரைத் தூக்க அவளால் முடியவில்லை. யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள், முறிந்த காலை ஒட்டவைக்க ஏதாவது பசை கிடைக்குமா என்று கேட்கத்தான் திண்டிவனத்தில் குமரேசனின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். அவர் எதற்கு என்று விசாரித்தார். நாற்காலி முறிந்து விழுந்ததைச் சொன்னாள். குமரேசன் பசையை எடுத்துக் கொடுக்கவில்லை. "எங்க சங்கத்துல ஏற்பாடு பண்றேன்க்கா. நீங்க கூட்டத்துக்கு வந்து வாங்கிக்கணும், அது மட்டுந்தான்" என்றார். அவர்தான் சங்கத்தின் செயலாளர்.

வாங்கிக்கொள்வதில் அவளுக்கு வெட்கம் இல்லை. வீரமுத்துவுக்குத்தான். புயல் மழையில் ஊரே மிதந்தபோது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு அண்டா அண்டாவாகச் சோறு பொங்கிப் போட்ட மனுஷன். மனு எழுதிப்போட்டால் அரசாங்க வண்டி கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்கு, "நான் சோறு போட்ட சனங்க எதிர்ல போயி எனக்கு வண்டி குடுங்கன்னு நிக்கணுமா? எனக்கு இந்தக் கட்டலே போதும்" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதனால் அவள் ஒரு பொய் சொன்னாள். புதுச்சேரியில் இருக்கிற தன் தம்பி தமிழ்மணி ஒரு வண்டி வாங்கி அனுப்புவதாகவும், திண்டிவனத்தில் போய் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னாள். தமிழ்மணியைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தவர் வீரமுத்துதான். மச்சான் செய்தால் அது தானம் இல்லை, முறை. "அவன் குடுக்கறதுன்னா சரி" என்றார்.

இப்போது இந்தப் போட்டோ வெளியே போனால் எல்லாம் பாழ். கட்டிலில் கிடக்கிறவருக்கு நாள் முழுக்கப் போன்தான் துணை. ஊர் வாட்ஸப் குரூப்பில் சவுரிராயன் என்று ஒருவன் இருக்கிறான். திண்டிவனத்தில் தும்மினால்கூடப் படத்தோடு போட்டுவிடுவான். அதைப் பார்த்துவிட்டால் அவர் ஜென்மத்துக்கும் அந்த வண்டியில் உட்காரமாட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

குமரேசன் அந்தப் பக்கமாக வந்தபோது அவள் எழுந்து நின்றாள். கடையில் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்குச் சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்ததால் வாயில் வேறு வந்தது.

"சார், போட்டோ இல்லாம குடுக்க முடியாதுங்களா?"

"அதெப்படிக்கா? மாவட்டத்துக்கு அனுப்பணுமே. போட்டோ இல்லன்னா நாங்க குடுத்ததாவே கணக்கு இல்ல" என்று சிரித்தார். "பயப்படாதீங்க. நடுவுல நிக்க வெக்கிறோம். பேப்பர்லயும் வரும்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கொடுக்கிறவர்களிடம் அதற்குமேல் எப்படிச் சொல்வது? உங்கள் தர்மம் எங்கள் வீட்டுக்காரருக்குக் கேவலம் என்றா சொல்ல முடியும்?

ஒருவழியாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறியதும் மாவட்டத் தலைவர் அவளுக்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்துப் போட்டோகிராபர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்கள். அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். சாய்கிற துணியில், சிவப்பு எழுத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எழுதியிருந்தது. அன்பளிப்பு, சங்கத்தின் பெயர், ஊர், தலைவர், செயலாளர், பொருளாளர், மூன்று பேருக்கும் இனிஷியலோடு. போட்டோவில் தப்பித்தாலும் இது வீட்டுக்கே வந்துவிடுமே.

மாவட்டத் தலைவருக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. "வெயிட்டு தாங்குதா பாக்கலாம்" என்று வண்டியில் உட்கார்ந்தார். உடனே சீனுவாசன் பதறிவிட்டார்.

"சார் சார், எழுந்திருங்க. பேரு மறைக்குது."

விஷயம் இதுதான். போன வருஷம் ஒருவருக்குக் கொடுத்த வண்டியில் பெயரைப் பின்பக்கம் எழுதியிருந்தார்கள். போட்டோவில் ஓர் எழுத்துகூட விழவில்லை. அந்த வருத்தத்தில் இந்தத் தடவை முன்பக்கமே எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மாவட்டத் தலைவர் எழுந்துகொண்டார். வெறும் வண்டியைச் சுற்றி எல்லாரும் நெருக்கியடித்து நின்று, ஆளுக்கு ஒரு கையை அதன்மேல் வைத்தார்கள். செண்பகத்தை வண்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"அம்மா, நீங்க மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் போட்டோகிராபர்.

அவள் தள்ளிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம். இப்ப செயலாளர் பேரு மறைக்குது."

இன்னும் தள்ளினாள். பிந்தி வந்த உரக்கடைக்காரர் அந்த இடத்தில் புகுந்துகொண்டார். "இன்னும் ஒரு அடி" என்று யாரோ சொன்னார்கள். அவள் இரண்டடி தள்ளினாள். பிறகு யாரும் சொல்லாமலேயே மூன்றாவது அடியும் வைத்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுக்கு அந்தப் போட்டோகிராபரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது. பளிச் பளிச்சென்று மூன்று முறை வெளிச்சம் அடித்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

குமரேசனே ஒரு லோடு ஆட்டோ பிடித்து வண்டியை ஏற்றிவிட்டார். "சாப்பிட்டுப் போங்கக்கா" என்று வற்புறுத்தினார். "அவுரு தனியா கீறாரு தம்பி" என்றாள். இப்போது தம்பி என்பது தானாக வந்தது. ஆட்டோ பெருமுக்கல் சாலையில் திரும்பியதும், பின்னால் வண்டியோடு உட்கார்ந்திருந்தவள் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, சாய்கிற துணியின்மேல் சுற்றி நாலு மூலையும் இழுத்து முடிச்சுப் போட்டாள். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. காலையிலிருந்து அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தாள்.

வீட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வீரமுத்து தலையணையில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை ஒரு முறை பார்த்தார். போனைப் பார்த்தார். திரும்ப வண்டியைப் பார்த்தார்.

"இன்னாடி, ஒந்தம்பி பொன்னாடையும் போத்தி அனுப்பிச்சானா?"

செண்பகம் அங்கேயே நின்றுவிட்டாள். எழுத்தை மறைக்கிற அவசரத்தில் எதை வைத்து மறைக்கிறோம் என்று யோசிக்கவில்லை. சரிகை பளபளக்கிற அந்தத் துண்டு கூட்டத்தைத் தவிர வேறு எங்கேயும் கிடைக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அத்த அவுத்துடு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவர் நிதானமாக, ஒவ்வொரு வரியாக, இனிஷியல்கூட விடாமல் படித்தார்.

"தமிழ்மணி பேரு எப்பலேர்ந்து இவ்ளோ நீளமாச்சி?"

"மாமா, கோச்சிக்காத மாமா" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால முடியல. ஒன்ன இழுத்துக்கினு போயி அன்னிக்கி மாதிரி கீழ போட்டுடுவனோன்னு தெனம் பயந்துகினு கீறேன். ஒங்கிட்ட கேட்டா வேணான்னுவ. அதான் நானே போயி வாங்கிக்கினேன்."

போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். சவுரிராயன் அதற்குள் போட்டிருந்தான். மாற்றுத்திறனாளிக்குச் சக்கர நாற்காலி வழங்கும் விழா என்று மேலே தலைப்பு. வரிசையாக வெள்ளைச் சட்டைகள், எல்லார் கையும் வண்டிமேல், நடுவில் வண்டி காலி.

"இத்தினி பேரு நிக்கிறானுங்க. வாங்கின நீ எங்கடி?"

"பேரு மறைக்குதுன்னு தள்ளிக்கச் சொன்னாங்க. தள்ளிக்கினே போனேன். அப்பறம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால நின்னுட்டேன்."

வீரமுத்து படத்தை விரலால் பெரிதாக்கி ஓரம் வரைக்கும் தேடினார். கடைசியில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முழங்கையும் அவளுடைய மஞ்சள் பையும் அகப்பட்டன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் முகம் கடுகடுத்தது. அப்புறம் உதடு கோணியது. திரும்ப அழப்போகிறார் என்று அவள் பயந்து கிட்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் ஆரம்பித்த சிரிப்பு கட்டில் ஆடுகிற அளவுக்குப் போனது. விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம். அவளுக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒண்டியா போயி நின்னியா?" என்று கேட்டார், சிரிப்பு அடங்கியதும்.

"ஆமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்பு எழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றிக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"கிட்ட தள்ளு. நான் மறைக்கிறேன்."

அவள் சக்கரத்தைப் பூட்டிவிட்டு அவர் அக்குளில் கைகொடுத்தாள். அவர் கைப்பிடியைப் பற்றி எம்பி உள்ளே விழுந்தார். மூச்சு வாங்கியது. மெல்லப் பின்னால் சாய்ந்தார். தலைவர், செயலாளர், பொருளாளர், ஊர், சங்கம் எல்லாம் அந்த அகலமான முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. செண்பகம் பொன்னாடையை அவர் மடியில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளினாள். வாசற்படியில் ஒரு குலுக்கு. அதற்கப்புறம் சக்கரம் தானாக உருண்டது. வாசலில் காயப்போட்டிருந்த மல்லாட்டையில் இரண்டு காகங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் மடியில் கிடந்த பொன்னாடையை எடுத்துச் சுழற்றி, "ச்சூ" என்று விரட்டினார்.