அறைக்கும் அறைக்கும் நடுவில்

இராஜரட்ணத்துக்குப் பாரசீகச் சத்திரங்களில் பைத்தியம். ரொறன்ரோவில் அடுக்குமாடிகளுக்குப் படம் வரைந்தே காலத்தைக் கழித்த மனிதர். ஒருமுறை ஈரானுக்குச் சுற்றுலா போனபோது, பாலைவன ஓரத்தில், ஒட்டகங்களோடு வரும் வணிகர்கள் தங்கிப்போன ஒரு பழைய காரவன்சராயைக் கண்டு, வழிகாட்டி கூப்பிடக் கூப்பிட அசையாமல் அங்கேயே நின்றுவிட்டார். நாலு பக்கமும் கனத்த செங்கல் சுவர். பாரம் ஏற்றிய ஒட்டகம் குனியாமல் நுழைய, உயர்ந்த ஒரேயொரு வாசல். உள்ளே பெரிய முற்றம், சுற்றிவர வளைவு வைத்த அறைகள். மிருகங்கள் ஏறிவிடாதபடி எல்லா அறைகளும் படி வைத்து உயர்த்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் அறைக்கும் முற்றத்துப் பக்கம் மட்டுமே வழி. பக்கத்து அறைக்குக் கதவு கிடையாது.

ஓய்வு பெற்றதும் ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் காணி வாங்கி அதையே சின்னதாகக் கட்டினார். "ஒட்டகத்தை எங்கயண்ணை கட்டப்போறியள்?" என்று சனம் பகிடி பண்ணியது. கலியாணம் கட்டாத அவருக்கு ஓர் அறை. பக்கத்தில், குசினியோடு சேர்ந்த அறை புருஷனை இழந்த தங்கை சந்திரவதனாவுக்கு.

ஸ்ரௌவ்வில் பாலைவனமில்லை என்பதைத்தான் மனிதர் மறந்துபோனார். முதல் மாரியிலேயே முற்றம் முழங்கால் உயரத்துக்குப் பனியால் நிரம்பியது. அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுவர, சந்திரவதனா தன் படிகளால் இறங்கி, பனிக்குள் நடந்து, அவருடைய படிகளில் ஏறவேண்டும்.

"அண்ணை, உந்தச் சுவரில ஒரு கதவு வெட்டி விடுங்கோவன். ஸ்னோவுக்குள்ள இறங்கி ஏற ஏலாமக் கிடக்கு."

"வெட்டினா அது சத்திரமில்லை, வதனா. வெறும் வீடு." அவள் முகம் வாடியதைக் கண்டு, "சரி, சமருக்கு வெட்டித் தாறன்" என்றார்.

சமர் வந்தது. முற்றத்தில் வெயில் விழுந்து, வளைவுகளின் நிழல் சுவரில் நகர்வதைப் பார்த்துச் சொக்கிப்போன மனிதருக்கு அந்தச் சுவரில் கை வைக்க மனம் வரவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம், படியில் உறைந்திருந்த ஐஸில் சந்திரவதனா வழுக்கி விழுந்தாள். விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. தேத்தண்ணி பிந்துதே என்ற எரிச்சலோடு கதவைத் திறந்தபோதுதான் கண்டார். இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டி, மாசியில் போய்விட்டாள். கடைசியாகப் பேசியபோதும், "அண்ணை, உங்களுக்கு ஆர் சமைச்சுத் தருகினம்?" என்றுதான் கேட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு, அவளுடைய சேலைகளை யாருக்காவது கொடுக்கலாமென்று அவளின் அறைக்குள் போனார். எப்போதும் அவள்தான் அவரிடம் வருவாள்; அவர் அங்கே போய் எவ்வளவோ காலம். கட்டில், அலுமாரி, தையல் மெசின் எல்லாம் யன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடந்தன. கட்டிலில் ஏறவே உடம்பைத் திருப்பித்தான் நுழையவேண்டும்.

"என்ன கோதாரிக்கு இப்பிடி அடைஞ்சு வைச்சிருக்கிறாள்?" என்று முணுமுணுத்தபடி திரும்பினார்.

அவருடைய அறையை ஒட்டிய சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. சாமிப் படம் இல்லை, கலண்டர் இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. அந்தச் சுவரோடு ஒட்டி, தரையில் ஒரு புதுக் கால்மிதி விரித்திருந்தது.

கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. கதவு வரும் என்று நம்பி, அவள் இடம் விட்டு வைத்திருந்திருக்கிறாள்.

கால்மிதியில் கால் வைக்கத் துணிவில்லாமல் அதன் பக்கத்தில் குந்தினார். "வதனா, நான் சொன்னதை நீ உண்மையெண்டெல்லோ நம்பியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார்.