கூடைக்காரியின் இங்கிலீஷ்

எங்கள் தேயிலை எஸ்டேட் பங்களாவில் விருந்தாளிகள் வந்து இறங்கினால், வேலை செய்கிற அத்தனை பேரும் வராந்தாவில் வரிசையாக நிற்க வேண்டும். துரைமார் காலத்து வழக்கமாம். துரை போய், பங்களா ஹோட்டலாகியும் அந்த வரிசை மட்டும் போகவில்லை. ஒருத்தி முன்னால் நின்று, இவர் இன்னார், இவருக்கு இன்ன வேலை என்று ஒவ்வொருவரையும் இங்கிலீஷில் அறிமுகம் செய்து வைப்பாள். கறுப்புக் கோட்டு, மாதச் சம்பளம், நிரந்தர வேலை. அந்த வேலைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன்.

ஏன் ஆசைப்படக் கூடாது? தாத்தா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் நிரந்தரம் என்ற ஒன்று யாருக்கும் வாய்க்கவில்லை. அவர் தற்காலிகம், அப்பா தற்காலிகம், நான் மழையில் நனைந்து கொழுந்து பறித்ததும் தற்காலிகம். முட்டி தேய்ந்த பிறகு பங்களாவில் அறை கூட்டித் துடைக்க வந்தேன். அதுவும் தினக்கூலிதான்.

கூட்டுகிறவளுக்குக் காது இல்லையா என்ன? முன்னால் நின்று பேசுகிற பிரியா சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டேன். மகளின் பள்ளிக்கூடப் புத்தகம், செல்போன், விருந்தாளிகள் தங்கள் பிள்ளைகளை அதட்டுகிற பேச்சு என்று ஒன்றையும் விடவில்லை. படுக்கை விரிக்கும்போது தலையணையைப் பார்த்து, "குட் ஈவினிங், வெல்கம்" என்பேன். என் வீட்டுக்காரர் சுரேந்திரன், "தொரசாணி, சோறு இருக்கா? இல்ல அதையும் இங்கிலீஷ்லதான் கேக்கணுமா?" என்று கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பிரியா கல்யாணமாகிப் போனாள். மேனேஜர் கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரர். பேச்சில் தேன் ஒழுகும். "ஏனுங்க சுகந்தி, முதலாளியம்மா வர்ற அன்னிக்கு நீங்களே எல்லாரையும் அறிமுகம் பண்ணி வச்சிருங்க. நல்லா வந்துச்சுன்னா அந்த வேலை உங்களுக்குத்தானுங்க" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

முதலாளியம்மா சிநேகிதிகளோடு வந்தார். நான் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். "இவர் எங்கள் சமையல்காரர் நெல்சன். இவர் வைக்கும் ஸ்டூவைச் சாப்பிட்டவர்கள் அடுத்த வருஷமும் வருவார்கள்" என்றேன். நெல்சன் அண்ணன் வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். "இவர் மருதாம்பாள். இந்தத் தோட்டத்து ரோஜா இவர் பேச்சை மட்டும்தான் கேட்கும்" என்றேன். எல்லாம் இங்கிலீஷில். பிரியா பெயரையும் வேலையையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். நான் ஆளையே எடுத்துச் சொன்னேன். வந்தவர்கள் கை தட்டினார்கள்.

"எங்கே படித்தாய்?" என்று முதலாளியம்மா இங்கிலீஷில் கேட்டார். அங்கேதான் என் வாய்க்கொழுப்பு. பெருமை தாங்காமல், "எங்கும் படிக்கவில்லை மேடம், உங்கள் எஸ்டேட்டில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்" என்று நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். அந்தம்மாவின் கண் அகலமாக விரிந்தது. ஆஹா, வேலை கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது.

மறுநாள் கீர்த்திவாசன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு மூங்கில் கூடை இருந்தது.

"அம்மாவுக்கு உங்களை ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. ஆனா பாருங்க, கோட்டுப் போட்டு நின்னீங்கன்னா நீங்க பத்தோட பதினொண்ணு. முதுகுல கூடையோட நின்னு இங்கிலீஷ் பேசுனீங்கன்னா வர்றவங்க சொக்கிப் போயிருவாங்க. கோட்டுக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து மனிஷான்னு ஒரு பொண்ணு வருதுங்க, கேட்டரிங் படிச்ச புள்ள. யாரை எப்படிச் சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

"அப்ப எனக்குத் தர்றேன்னு சொன்ன வேலை, சார்?"

"இதுவும் வேலைதானுங்களே. தினக்கூலியில கொஞ்சம் சேத்திக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

அந்தக் கூடையைப் பார்க்க வேண்டுமே! எங்கள் எஸ்டேட்டில் இப்போது யார் கூடை சுமக்கிறார்கள்? கத்தரியால் வெட்டிச் சாக்கில் அடைக்கிறார்கள். அது சந்தையில் பூக்காரி வைத்திருக்கிற கூடை. தூக்கி அவர் முகத்தில் எறிந்துவிட்டுக் கொழுந்து பறிக்கவே போயிருப்பேன். ஆனால் என் இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆள் வந்தாகிவிட்டது, என் முட்டியும் இனி மேடு ஏறாது. அன்றைக்குச் சுரேந்திரன் கேலி செய்யவில்லை. "மக படிப்பு முடியிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்க, புள்ள" என்றார். அவர் கேலி செய்திருந்தால் தேவலாம் என்றிருந்தது எனக்கு.

மனிஷா நல்ல பெண். நல்லவளாகப் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல், வாய் நிறையத் திட்டக்கூட வழியில்லை. "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்து, நெல்சன் அண்ணனின் ஸ்டூவையும் மருதாம்பாளின் ரோஜாவையும் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தாள். நான் யோசித்து யோசித்துக் கட்டிய பேச்சுக்கு என் கண் முன்னாலேயே அவள் கைதட்டல் வாங்கினாள். நான் வரிசையின் கடைசியில் தலைத்துணியும் கூடையுமாக நின்று, என் பெயர், என் வேலை, என் மகள் படிப்பு என்று இங்கிலீஷில் கடகடவென்று சொன்னேன்.

அதிலும் கோளாறு வந்தது. டெல்லியிலிருந்து வந்த ஒருவர், "இவர் நிஜமாகவே தேயிலை பறிப்பவரா, இல்லை வேஷம் கட்டிய ஆளா?" என்று கேட்டுவிட்டாராம்.

"ரொம்ப நல்லாப் பேசறீங்க, அதுதானுங்க சங்கடமே" என்றார் கீர்த்திவாசன். "கொஞ்சம் திக்கித் திணறிப் பேசுங்க. அப்பத்தான் நெசமாட்ட இருக்கும்."

அடப்பாவி! இங்கிலீஷ் தெரியாத காலத்தில் துடைப்பத்தோடு பின்வாசலில் நிறுத்தினார்கள். கற்றுக்கொண்டு வந்தால், தெரியாதவள் மாதிரி பேசச் சொல்கிறார்கள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி பேசுவது எத்தனை கஷ்டம் என்று அந்த ஆள் ஒரு நாள் பேசிப் பார்க்கட்டும். ஆனாலும் பேசினேன். வேறு என்ன செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். என் முறை வந்ததும், "இவர் சுகந்தி, தேயிலை பறிப்பவர். இப்போதுதான் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறார்" என்றாள் மனிஷா. அப்படிச் சொல்லும்படி கீர்த்திவாசன் உத்தரவு. நான் "மை... நேம்..." என்று இழுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தேன்.

அந்தம்மாள் நல்ல மனசுக்காரி. கிட்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பால்வாடிக் குழந்தைக்குச் சொல்லித் தருவதுபோல, "நைஸ்... டு... மீட்... யூ" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லித் தந்தார். நான் திருப்பிச் சொன்னேன். புருஷன் கை தட்டினார், கீர்த்திவாசனும் தட்டினார். நெல்சன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கையை விடாமலே அந்தம்மாள் புருஷன் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "பாவம், நாம் பேசுவது எதுவும் இவளுக்குப் புரியவில்லை. யாராவது கொஞ்சம் கைதூக்கி விட்டிருந்தால், அந்தப் பெண் நிற்கிற இடத்தில் இவள் நின்றிருப்பாள்."

எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. மனிஷாவுக்கும் புரிந்தது; அவள் முகம் சுண்டிவிட்டது. நான் புரியாதவளாகப் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

"அக்கா, கூடையைக் கொஞ்சம் முன்னால புடிங்க" என்றாள் மனிஷா, என் முகத்தைப் பார்க்காமல். "போட்டோ எடுக்கறாங்க."